சுருளியம்மாள் வாசலில் தீபாவளி

பக்கத்தில் வாருங்கள், கண்ணுகளா. குளிரெடுக்கிறவர்கள் இன்னும் நெருங்கி உட்காருங்கள். தீபாவளி என்றதும் உங்கள் காதில் வெடிச்சத்தம் கேட்கும். நான் சொல்லப்போவது வெடியும் புதுத்துணியும் இல்லாத ஒரு தீபாவளியின் கதை. முடியும்வரை யாரும் தூங்கிவிடாதீர்கள். நீங்கள் தூங்கிவிட்டால், பாவம், இதில் வருகிற பெண் பாதிக் கதையில் மழைக்குள்ளேயே நின்றுகொண்டிருப்பாள்.

தேவிகுளத்துக்கு மேலே, மேகம் வந்து மோதுகிற சரிவில் ஒரு தேயிலைத் தோட்டம். விடியுமுன் வேலைக்கு எழுப்பத் தப்பு அடிப்பார்கள். லயம் முழுவதும் விழித்துக்கொள்ளும். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், அதுதான் லயம். ஓர் அறையில் இருமினால் அடுத்த அறையில் பிள்ளை அழும்.

அது ஐப்பசி மழைக்காலம். சுருளியம்மாள் கைக்குழந்தையைப் புருஷன் பக்கத்தில் கிடத்தினாள். இடுப்பில் சாக்கைச் சுற்றி, கம்பளியைத் தலையில் மடித்துப் போட்டு, கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு இருட்டோடு இருட்டாய் ஏறினாள். கொழுந்தைக் கிள்ளக் கிள்ள விரல் நுனியில் கறுப்புக் கறை படியும். கறை படிந்த தோல் வெடிக்கும். வெடிப்பில் மழைத்தண்ணீர் இறங்கி எரியும். காலில் அட்டை ஏறினாலும் குனிந்து எடுக்க முடியாது. குனிந்தால் வேலை வாங்கும் கங்காணியின் குரல் முதுகில் விழும். நனைந்த கூடை முதுகோடு ஒட்டிக்கொண்டு, யாரோ ஒருவரைச் சுமப்பதுபோலக் கனக்கும். அவள் அன்று சுமந்தது கூடையை மட்டுமல்ல. அவள் புருஷன் பிச்சைமணிக்கு வலது கை போய்விட்டது.

தேயிலை விலை விழுந்துவிட்டது என்று தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை கூலியைக் குறைத்திருந்த வருஷம் அது. பாக்டரியில் ஆளையும் குறைத்தார்கள். இலை சுருட்டும் ரோலர் இயந்திரத்தில் இருவர் நின்ற இடத்தில் பிச்சைமணி ஒருவனே நின்றான். இரவும் பகலும் விழித்திருந்த கண் ஒரு நொடி சொக்கியது. கையை ரோலர் இழுத்துக்கொண்டது. காயத்துக்கு மருந்து போடும் டிரெஸ்ஸர் கட்டுப்போட்டு அனுப்பினார். பிறகு அவனை யாரும் கேட்கவில்லை.

அந்தத் தோட்டத்தில் ஒரு விதி. அறை வேண்டுமானால் அதில் இருவர் வேலைக்குப் போக வேண்டும். ஒருவர் படுத்தால் அறை போய்விடும். அவர்கள் எங்கே போவார்கள்? ஊரில் கண்மாய் வற்றி, இருந்த குடிசையையும் விட்டுவிட்டு மலை ஏறியவர்கள். பள்ளிவாசல் என்கிற ஊரில் மின்சார நிலைய வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. கையில்லாத ஆளை யார் எடுப்பார்கள்?

இப்படி இருக்கையில்தான் கங்காணி கருத்தப்பாண்டி போடியிலிருந்து தீபாவளித் துணிப்பொதியை இறக்கினான். ஆள் பிடித்து வந்தவன் அவன். அறை கொடுப்பதும் பிடுங்குவதும் அவன் வாய்ச்சொல்தான். அந்த வருஷம் துணி வாங்க யாராலும் முடியவில்லை. பெண்கள் பொதியைச் சுற்றி நின்று, தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, கையை எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது கருத்தப்பாண்டி ஒரு தாம்பாளத்தை எடுத்தான். அரக்குச் சேலை ஒன்றை அதில் வைத்தான். மேலே வெற்றிலையும் பாக்கும் வைத்தான்.

"சுருளி, இங்க வா தாயி. உனக்குத்தான் இது. காசு வேணாம்."

சுருளியம்மாள் முன்னே வந்தாள். புருஷன் கை போன நாளிலிருந்து அவளிடம் இதமாகப் பேசிய முதல் ஆள் அவன்தான். தாம்பாளத்திலிருந்து சேலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க நல்லாயிருக்கணும் அய்யா."

சுற்றி நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து அறைச் செபமாலையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர்களுக்குத் தெரியும். அந்த மலையில் தீபாவளித் துணி பொதியிலிருந்து கைக்குக் கை மாறும். வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் வருவது தோட்டத்தை விட்டுப் போகிறவர்களுக்கான சேலை. அதை எடுத்துக்கொண்டால், நானாக விரும்பிப் போகிறேன் என்று ஊரறியச் சொன்னதாக ஆகும். அதற்குப் பிறகு, தோட்டத்து வேலையில் கை போனவனை ஏன் அனுப்பினாய் என்று துரையும் கேட்க மாட்டார், யாரும் கேட்க மாட்டார்கள். சுருளியம்மாள் போன தீபாவளி கழிந்த பிறகு மலைக்கு வந்தவள். அவளுக்கு அது தெரியாது. தெரிந்தவர்களோ கங்காணி பார்த்துக்கொண்டிருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் அவள் அறை வாசலில் வந்து நின்று கருத்தப்பாண்டியே சொன்னான்:

"தீபாவளி அன்னிக்குக் காலையில புது ஆளுக வருது. அதுக்குள்ள சாமானக் கட்டிருங்க."

"எங்கய்யா போறது? நான் போறேன்னு சொல்லலையே!"

"சேலை வாங்குனேல்ல? வாயால வேற சொல்லணுமா?"

அவள் உள்ளே ஓடிச் சேலையை எடுத்து வந்து நீட்டினாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"குடுத்ததத் திரும்ப வாங்குற பழக்கம் எனக்கில்ல."

மறுநாள் துரை தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வந்தபோது பிச்சைமணி கட்டுப்போட்ட கையோடு பாதையில் நின்றான். கூடச் சுருளியம்மாள். அவர்களுக்குப் பின்னால், யாரும் கூப்பிடாமலே, மூத்த கொழுந்துக்காரி ராமுத்தாய் கூடையோடு வந்து நின்றாள். துணிப்பொதி வந்த அன்று அவள் அங்கே இல்லை, காய்ச்சலில் கிடந்தாள்.

துரை குடைக்கடியிலிருந்து பேசினார். "சேலை வாங்கியாச்சு. நான் என்ன செய்ய? இது உங்க வழக்கம். என் வழக்கம் இல்லே."

"தொரை, கை தோட்டத்து வேலையிலதான போச்சு," என்றான் பிச்சைமணி.

"மிசின் ஒழுங்காத்தான் ஓடுது. நீதான் தூங்கினது."

"ரெண்டு ஆளு நின்ன எடந்தானுங்க தொரை..."

"டீக்கு வெலை இல்லே. தெரியுமா உனக்கு? வெலை இல்லே!"

ராமுத்தாய் கூடையை இறக்கி வைத்தாள். "அன்னிக்கு அந்த ரோலர்ல ரத்தத்தோட கெடந்த எலையக் கொட்டச் சொன்னீகளா தொரை? இல்லையே. கழுவாமக்கூடப் பெட்டியில அடைச்சு அனுப்புனீக. அதுக்கு மட்டும் வெல இருந்துச்சோ?"

துரையின் முகம் சிவந்தது. குடையைத் திருப்பிக்கொண்டு நடந்தார். அவருக்குப் பின்னால் வந்த கங்காணி திரும்பி ராமுத்தாயைப் பார்த்த பார்வையில், அடுத்த தாம்பாளம் அவளுக்குத்தான் என்று எழுதியிருந்தது.

தீபாவளிக்கு முந்தின பொழுது. லயத்தில் எந்த அறையிலும் எண்ணெய்ச் சட்டி காயவில்லை. செபமாலையம்மாள் சுருளியம்மாளிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல், "தெரிஞ்சும் சொல்லாம நின்னுட்டேன் தாயி," என்றாள். சுருளியம்மாள் திட்டவில்லை. சட்டி பானையைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க முடியாமல் செபமாலையம்மாள் அழுதாள். அழுகை கேட்டு அக்கம்பக்கத்தார் வாசலில் கூடினார்கள். அவர்களோடு வந்த ராமுத்தாய்க்குக் கோபம் வந்தது.

"அழுது என்னத்தக் கிழிச்சோம்? சாக்க அவுத்துரு புள்ள. நாளைக்கு நம்ம எல்லாருக்கும் சமையல் உன் வாசல்லதான்."

"எதுக்கு மதினி?" என்றாள் சுருளியம்மாள்.

"கருத்தப்பாண்டி எப்பேர்ப்பட்டவனா இருந்தாலும் நம்ம சீமையில பொறந்தவன். நல்ல நாளும் அதுவுமா எரியுற அடுப்ப மிதிச்சு உள்ள போவானா? போயிருவானா?"

"என்னத்தச் சமைக்கிறது? கல்லையா?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"இருக்குறதக் கொண்டாங்க. கல்லு இருந்தா அடுப்புக்கு ஆகும்."

சிலர் சிரித்தார்கள். சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். "நாளைக்கு எங்கள அடிச்சு வெரட்டுனா யாரு வாசல்ல போய் சமைக்க?" என்றான் பெரியமுத்து. அவனுக்குச் சின்னச் சின்னதாய்ப் பிள்ளைகள். யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. அவனும் கதவைச் சாத்திக்கொண்டான்.

தீபாவளி விடிந்தது. தூறல். இருந்த ஒரு கிண்ணம் நல்லெண்ணெய் அறை அறையாகப் போனது. ஆளுக்கு ஒரு விரல் தொட்டு உச்சியில் வைத்துக்கொண்டார்கள். "எண்ணெ வச்சோமா, மழை குளுப்பாட்டிருச்சு. தண்ணி காய வைக்கிற வெறகு மிச்சம்," என்றாள் ராமுத்தாய். பெண்கள் துவைத்த பழஞ்சேலையின் முனையில் மஞ்சளைத் தொட்டு வைத்துப் புதுசு என்று கட்டிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கும் அப்படியே. ஒரு சிறுமி மட்டும் மஞ்சள் பட்ட கிழிசலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பழசு," என்று அழுதாள். அவள் அம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

சுருளியம்மாள் வாசலில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். தூறல் விழாமலிருக்க அரக்குச் சேலையை மடித்துக் கூரை விளிம்பில் கட்டிப் பந்தலாக இழுத்தார்கள். ஒருத்தி கேழ்வரகு மாவு கொண்டுவந்தாள். ஒருத்தி கைப்பிடி துவரை. ஒருவன் வெறும் உப்போடு வந்து வெட்கப்பட்டு நின்றான். செபமாலையம்மாள் ஒரு வெல்லக்கட்டியைப் போட்டாள்.

"ஏ, இது கிறிஸ்மசுக்கு வச்சிருந்ததில்ல?" என்றாள் ராமுத்தாய்.

"சின்ன யேசு மாட்டுக்கொட்டாயில பொறந்தவருதான். வெல்லம் இல்லைன்னு கோவிச்சுக்க மாட்டாரு."

களி கொதிக்கும்போது கருத்தப்பாண்டி வந்தான். கையில் பூட்டு. பின்னால் புதிதாகப் பிடித்து வந்த இளம் ஜோடி. தலையில் மூட்டையோடு, மேட்டுப் பாதை முழுதும் நனைந்து, பல் தந்தியடிக்க நின்றார்கள். அந்தப் பெண்ணின் பெயர் சாந்தம்மாள்.

கங்காணி அடுப்பைப் பார்த்தான். மேலே பார்த்தான்.

"நான் குடுத்த சேலைய என்ன பண்ணி வச்சிருக்கீக?"

"திரும்ப வாங்க மாட்டேன்னீரு. அதான் அடுப்புக்குக் குடுத்துட்டோம்," என்றாள் ராமுத்தாய்.

"தள்ளுங்க. கதவப் பூட்டணும்."

ஒருவரும் அசையவில்லை. கதவுக்கும் அவனுக்கும் நடுவில் நெருப்பு எரிந்தது. அவன் ஒரு காலைத் தூக்கினான். நல்ல நாள். எரிகிற அடுப்பு. மேலே பானை. தூக்கிய கால் பின்னாலேயே போய் விழுந்தது.

"எம்புட்டு நேரம் எரியும்? நாளைக்குத் தீபாவளி இல்லைல்ல? அப்ப வர்றேன். தொரையோட வர்றேன்."

சாந்தம்மாள் கதவையும் பார்த்தாள், கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்த பிச்சைமணியையும் பார்த்தாள். "இவுக இருக்காகளே," என்றாள் கங்காணியிடம். "காலி அறைன்னுதான சொன்னீக?"

அவன் படியிறங்கினான். "வாங்கடா!" என்று புதியவர்களைக் கூப்பிட்டான். அவள் புருஷன் ஓரடி எடுத்து வைத்தான். அவள் எடுத்து வைக்கவில்லை. அவனும் நின்றுவிட்டான்.

"உக்காரு தாயி. முதல்ல சூடா ஒரு வாய் சாப்புடு," என்றாள் சுருளியம்மாள்.

ஆளுக்கு ஓர் உருண்டைதான் வந்தது. சட்டியைச் சுரண்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். நெருப்பு தணிந்துகொண்டிருந்தது. நாளைக்கு எதைப் போட்டு எரிப்பது, எதைச் சமைப்பது? அறைகளில் ஒன்றுமில்லை. நாளைக்குத் துரை வருவார். நெருப்பை மிதிக்க அவருக்குப் பயம் இருக்காது. எல்லாரும் அதையே நினைத்தார்கள்.

சாந்தம்மாள் எழுந்தாள். தன் மூட்டையை அவிழ்த்தாள். மலை ஏறி வரச் சம்மதித்ததற்காகக் கங்காணி முன்கூட்டிக் கொடுத்திருந்த அரிசி அதில் இருந்தது. அதை அப்படியே சுருளியம்மாளின் காலிப் பானையில் கொட்டினாள்.

"நாளைக்கு இத வைங்க அக்கா," என்றாள். "நாங்களும் இங்கதான இருப்போம்?"

பெரியமுத்துவின் கதவு திறந்தது. அவன் வெளியே வந்தான். நனையாத விறகுக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து அடுப்போரம் போட்டுவிட்டு, தலையில் கை வைத்தபடி அங்கேயே உட்கார்ந்தான்.

மழை விடவில்லை. அறை கிடைத்துவிடவில்லை. பூட்டு கங்காணி கையில்தான் இருந்தது. ஆனால் சுருளியம்மாள் கட்டியிருந்த சாக்கு மூட்டையை உள்ளே எடுத்துப்போய் அவிழ்த்தாள். சட்டிகளை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வைத்தாள்.

இவ்வளவுதான் கண்ணுகளா. வீட்டுக்குப் போய்ச் சேருங்கள். உங்கள் வீட்டுக் கதவை வெளியிலிருந்து எவரும் பூட்டாதிருக்கட்டும். உங்கள் பானையில் உங்களுக்குப் போக, நனைந்து வந்து நிற்கிற ஒருவருக்கும் ஒரு கவளம் எப்போதும் இருக்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு நல்லா இருங்கள்.