சலவை அறையில் டாக்டர்

மஞ்சள் முக்கோணம் மறுபடியும் வந்தது. திரையின் வலது மூலையில், நடுவே ஓர் ஆச்சரியக்குறியுடன். 'இந்த நெட்வொர்க்குடன் இணைக்க முடியவில்லை' என்றது கணினி. ஏன் என்று சொல்லவில்லை. மெர்வ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்களைக் கசக்கிக்கொண்டார். காலையில் பள்ளிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கியதும் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்றிருந்தவர். இப்போது இன்னொருவர் வீட்டுச் சமையலறையில், ஈரச் சப்பாத்தோடு உட்கார்ந்திருந்தார். வெளியே மழை. அந்தக் கடற்கரைப் பக்கம் மழையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நின்றால்தான் பேசுவார்கள்.

ஊரில் யாருடைய பிரிண்டர் முரண்டு பிடித்தாலும் மெர்வுக்குத்தான் போன் வரும். எப்போதோ நூலகத்தில் வயசானவர்களுக்குக் கணினி வகுப்பு நடந்தபோது கூடமாட உதவிக்கு நின்றார், அந்த வினை. பெரிதாக ஒன்றும் தெரியாது. அணைத்துப் போடுவார், கழற்றி மாட்டுவார், பாதி நேரம் அதுவே சரியாகிவிடும். யார் கூப்பிட்டாலும் அலுத்துக்கொண்டே போவார். இந்த வீட்டிலிருந்து மட்டும் இதுவரை அழைப்பு வந்ததில்லை. மனைவி நோரீன் அவரை விட்டுவிட்டு டெஸ் என்பவரோடு இங்கே குடிவந்து பல வருஷங்களாகின்றன. கடையில், தபால் நிலையத்தில் பார்த்துக்கொள்வார்கள், தலையசைப்பார்கள். சின்ன ஊரில் பகையை வளர்க்க இடம் போதாது.

அந்தப் பள்ளத்து வீட்டுக்குள் செல்போன் சிக்னல் இறங்குவதில்லை. நோரீன் காரை மேட்டுக்கு ஓட்டிப்போய் அங்கிருந்து கூப்பிட்டிருந்தாள். "ஹோபார்ட் ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு மணிக்கு வீடியோவுல வர்றாங்க. ஸ்கேன் ரிசல்ட் சொல்லணுமாம். மின்னல்ல எரிஞ்சுபோன நெட் பெட்டிக்குப் பதிலா புதுசு அனுப்பிச்சாங்க, அது வந்ததுலேர்ந்து இந்தக் கம்ப்யூட்டர் சனியன் நெட்டைப் பிடிக்க மாட்டேங்குது. கம்பெனிக்குப் போன் பண்ணா பாட்டுதான் போடறான். டெஸ்ஸால மலைப்பாதையில அவ்வளவு தூரம் உக்கார முடியாது, மெர்வ். உனக்கு வர முடியலேன்னா பரவால்ல, சொல்லிடு."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரைக் கிளப்பியது. கல்யாணமாகி இருந்த காலத்திலும் எதைக் கேட்டாலும் அப்படித்தான் கேட்பாள். மறுக்க வழிவிட்டுக் கேட்பவளிடம் மறுப்பது கஷ்டம்.

வந்து பார்த்தால், மடிக்கணினி அவருடையது. அதாவது இருவருமாக வாங்கியது. போகும்போது அவள் எடுத்துப்போனது. மூலையில் அதே கீறல். பாஸ்வேர்டு கேட்டபோது நோரீன் அடுப்பைப் பார்த்தபடி, "மாத்தல" என்றாள். செத்துப்போன நாயின் பெயரை அவர் விரல்கள் தாமாகவே அடித்தன.

பக்கவாட்டில் இருந்த சிறிய வைஃபை விசையைத் தள்ளிப் பார்த்தார். நெட்வொர்க்கை மறக்கச் சொல்லி, மறுபடி சேர்த்து, பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த நீளமான கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாக அடித்தார். முக்கோணம். அணைத்துப் போட்டார். அது உயிர்பெற்று எழுவதற்குள் நோரீன் தேநீர் போட்டு, அதை அவர் குடித்தும் முடித்தார். முக்கோணம். பிழையைத் தானே கண்டுபிடிப்பதாகச் சொன்ன கணினி வெகுநேரம் யோசித்துவிட்டு, மேலும் உதவிக்கு இணையத்தில் பார்க்கவும் என்றது.

"இணையம் இல்லேன்னுதானடா உன்னக் கேக்கறேன்" என்றார் மெர்வ் அதனிடம்.

சன்னலோர நாற்காலியிலிருந்து டெஸ் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அது அடங்கக் கொஞ்சம் நேரமாயிற்று. சுரங்கத்தில் வேலை பார்த்த ஆள். ஒரு காலத்தில் வாசலையே அடைத்துக்கொண்டு நிற்பார். இப்போது கம்பளிச் சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

"உன் பொண்டாட்டியத்தான் கூட்டியாந்தேன்னு பாத்தா, உன் கம்ப்யூட்டரையும் சேத்துக் கொண்டாந்துட்டா, மெர்வ். ரெண்டும் சொன்ன பேச்சு கேக்கறதில்ல."

"இதுக்காவது அணைக்கறதுக்கு ஒரு பட்டன் இருக்கு."

"எனக்குக் காது நல்லாவே கேக்குது" என்றாள் நோரீன். மூன்று பேருமே லேசாகச் சிரித்தார்கள். அப்படி மூன்று பேரும் ஒரே அறையில் சிரித்தது அதுவே முதல் தடவை. அது மூவருக்கும் தெரிந்ததால் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

ஒரு மணி நெருங்கியபோது டெஸ் திடீரென்று, "நோரீன், பால் வாங்கிட்டு வந்துடேன்" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கார் சத்தம் ஓய்ந்த பிறகுதான் மெர்வுக்கு விஷயம் பிடிபட்டது. கோளாறு கணினியிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. புதுப் பெட்டி வைஃபைக்குப் புது மாதிரிப் பூட்டுப் போடுகிறது. இந்தக் கிழட்டு மெஷினிடம் அதற்குச் சாவி கிடையாது. பெட்டிக்குள் புகுந்து பழைய பூட்டையும் ஏற்றுக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஆனால் அதைச் செய்து, பெட்டியை அணைத்துப் போட்டு, அது திரும்ப எழும்புவதற்குள் டாக்டர் வந்து போய்விடுவார். "நேரா மாட்டிடலாம், வயர் இருக்கா?" என்று கேட்டார். பெட்டியோடு வந்த வயர் குட்டை. கூடவே ஒரு பழைய வயர் இழுப்பறையில் கிடந்தது, அதுவும் குட்டை. பெட்டி இருந்ததோ சலவை அறையில், வாஷிங் மெஷினுக்கு மேலே.

"அப்ப நான் அங்க வர்றேன்" என்றார் டெஸ்.

அவர் எழுந்து நிற்க மெர்வ் தோள்கொடுத்தார். நடையைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை நின்றார்கள். அந்த உடம்பின் எடையின்மை மெர்வைத் திடுக்கிட வைத்தது. இந்த ஆளை அடிக்க வேண்டும் என்று ஒரு குளிர்காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். துணிக்கூடைக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவே நாற்காலி போட்டு உட்காரவைத்து, மடியில் ஒரு பலகை வைத்து, அதன்மேல் கணினியை வைத்தார். புது வயரின் முனை இந்தக் கணினியின் தளர்ந்த துளையில் நிற்கவில்லை. பழையதில் பிடிப்புக் கொக்கி ஒடிந்திருந்தது. விரலால் அழுத்திப் பிடித்தால் இணைப்பு வந்தது. விட்டால் போயிற்று.

"டேப் ஏதாவது இருக்கா, டெஸ்?"

அதற்குள் மணியடிப்பதுபோல் ஒரு சத்தம். திரையில் ஓர் இளம்பெண் தோன்றினார். மெர்வ் நாற்காலியின் பக்கத்தில், தரையில், வயரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து திரை சாய்வாகத்தான் தெரிந்தது. டெஸ்ஸின் முழங்கால்கள் நன்றாகத் தெரிந்தன.

"கூட யாராவது இருக்காங்களா டெஸ்?" என்றார் டாக்டர்.

டெஸ் குனிந்து மெர்வைப் பார்த்தார். "இருக்கான். சிநேகிதன்."

டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. மருந்து நாம் நினைத்த மாதிரி வேலை செய்யவில்லை, புற்றுநோய் கல்லீரலுக்கும் போய்விட்டது என்றார். "இனிமே அதைத் துரத்திக்கிட்டு ஓடறதைவிட, உங்களுக்கு வலியில்லாம பாத்துக்கறதுதான் சரின்னு எனக்குப் படுது." மெர்வ் துணிக்கூடையைப் பார்த்தார். மேலே நோரீன் பேக்கரி வேலைக்குக் கட்டும் ஏப்ரன் கிடந்தது. காதை மூடிக்கொள்ளலாம் என்றால் கை வயரில் இருந்தது.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் போகுமா?" என்று டெஸ் கேட்டார், பழைய காரைப் பற்றி மெக்கானிக்கிடம் கேட்பதுபோல.

படம் உறைந்துவிட்டது. மெர்வ் பதறி விரலை அழுத்தினார், முனையைத் தள்ளினார், பச்சை விளக்கைப் பார்த்தார். விளக்கு மின்னிக்கொண்டுதான் இருந்தது. அவர் பிடியில் பிசகு இல்லை. டாக்டர் பேசாமல் இருந்தார், அவ்வளவுதான்.

"எதிர்பார்க்க வேணாம், டெஸ்."

"சரிம்மா. நேராச் சொன்னதுக்கு நன்றி."

திரை அணைந்த பிறகும் மெர்வ் வயரை விடவில்லை. டெஸ்தான் சொன்னார். "விடுய்யா, போதும்." பிறகு அவர் பக்கம் குனிந்தார். "நோரீன்கிட்ட சொல்லாத. அடுத்த மாசம் அவ தங்கச்சி பொண்ணுக்குக் கல்யாணம். அவளோட அழகா டிரஸ் போட்டுக்கிட்டு ஒரு தடவ போயிட்டு வந்துடறேன். அப்புறம் நானே சொல்றேன்."

மெர்வ் கணினியைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டார். வேலை பாதியில் கிடந்தது. ஒரு கையால் வயரை அழுத்தி, மறு கையால் பெட்டியின் அமைப்புகளுக்குள் புகுந்து, பழைய பூட்டையும் சேர்த்தார். பெட்டியை அணைத்துப் போட்டார். டெஸ்ஸைச் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுவந்து உட்காரவைத்தபோது, திரை மூலையில் சிக்னல் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து நின்றன. முக்கோணம் இல்லை. வழக்கமாக அந்த நேரத்தில் அவருக்கு ஒரு சின்ன சந்தோஷம் வரும். இன்று தூக்கம்தான் வந்தது.

நோரீன் பாலோடு வந்தாள்.

"வேற மருந்து குடுத்துப் பாக்கலாம்னு சொல்றாங்க" என்றார் டெஸ்.

"நல்லது" என்றாள். குளிர்பெட்டியைத் திறந்து, ஏற்கெனவே அங்கிருந்த இரண்டு பால் புட்டிகளுக்குப் பக்கத்தில் இதையும் வைத்தாள்.

மெர்வ் காருக்குப் போகும்போது கூடவே வந்தாள், தலையில் கோட்டைப் பிடித்துக்கொண்டு. பிள்ளைகளைக் கூட்டிவர நேரமாகிவிட்டது என்று அவர் சொன்னார். அவள் நகரவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"டெஸ்ஸைக் கேளு, நோரீன்."

"அவரைக் கேட்டாச்சு. இப்ப உன்னக் கேக்கறேன்."

மெர்வ் சாவியைத் தேடினார். சட்டைப் பையில் தேடினார், கால்சட்டைப் பையில் தேடினார். அது கையிலேயே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்ல அவர் முயன்ற ஒவ்வொரு தடவையும் பார்த்தவள்.

"பால் இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "மருந்துக்கடை வாசல்ல கார்ல உக்காந்திருந்தேன். நல்ல சேதியா இருந்தா என்னை அனுப்பியிருக்க மாட்டாரு." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாத, மெர்வ். அந்தக் கல்யாணத்துக்குப் போகணும்னு ஆசையா இருக்காரு. அதுவரைக்கும் தெரியாத மாதிரியே இருந்துடறேன்."

மெர்வ் கார்க் கதவைத் திறந்தார். "நெட் மறுபடி போனா கூப்பிடு" என்றார் கடைசியில். "வர்றேன்."

"உனக்கு வேலை இருக்கும்."

"வர்றேன்னு சொல்றேன்ல."

அவள் தலையசைத்துவிட்டு உள்ளே ஓடினாள். அவர் எஞ்சினைக் கிளப்பினார், உடனே கிளம்பவில்லை. காரின் முன்கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. துடைப்பான் போய்வரும்போதெல்லாம் சமையலறைச் சன்னல் தெரிந்தது. நோரீன் தன் நாற்காலியை மேசையைச் சுற்றி இழுத்துக்கொண்டுபோய் டெஸ்ஸின் பக்கத்திலேயே போட்டுக்கொண்டாள். திரையின் வெளிச்சம் இருவர் முகத்திலும் விழுந்தது. எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அங்கிருந்து தெரியவில்லை. டெஸ் விரலால் எதையோ சுட்டிக் காட்டினார். அவள் சிரித்தாள். மழை அதை அழித்தது. துடைப்பான் திரும்ப வந்தது. இருவரும் இன்னும் அங்கேயே இருந்தார்கள், தோளோடு தோள் சாய்ந்து.