நூல் கடிக்கும் பல்

இரண்டு நிறச் சூயிங்கத்தை வாயில் போட்டு இருபது தடவை மெல்லும்படி சொன்னார் பல் டாக்டரம்மா. மென்று துப்பினேன். சிவப்பும் நீலமும் கலந்து ஒரே ஊதாவாகிவிட்டதாம். அவருக்கு வாயெல்லாம் பல், அதுவும் சொந்தப் பல்.

"நூத்துக்கு நூறும்மா! பல்செட் பிரமாதமா வேலை செய்யுது," என்று மேசையிலிருந்த ஃபாரத்தில் டிக் அடித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பது வருடமாகத் தையல்கடை வைத்திருப்பவள் நான். சாப்பாட்டை மெல்லாமல் அப்படியே விழுங்கித் தொலைப்பேன். நூலைக் கடிக்காமல் எனக்கு வேலை ஓடாது. ஒவ்வொரு தையலுக்கும் கத்தரிக்கோலைத் தேடினால் பிடித்த துணி நழுவும், மடிப்பு கோணிக்கொள்ளும். பல்செட் வந்த இரண்டு மாதத்தில் மூன்று வாடிக்கைக்காரர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். கடையை மூடித் தொலை என்று மகள் தினமும் அதே பாட்டைப் பாடுகிறாள்.

"உங்க ஃபாரத்துல மெல்லுறது, பேசுறது எல்லாம் இருக்கு. நூல் கடிக்கிறது எங்க டாக்டர்?"

"அப்படி ஒரு கேள்வியே கிடையாதும்மா."

அவருடைய கோட்டில் ஒரு பொத்தான் ஊசலாடிக்கொண்டிருந்தது. கைப்பையிலிருந்து ஊசி நூலை எடுத்து, அவர் வேண்டாம் வேண்டாம் என்னும்போதே தைத்து முடித்து நூலைக் கடித்தேன். நூல் அறவில்லை. மேல்செட் கழன்று அவர் மடியில் விழுந்தது.

"கத்தரிக்கோல்னு ஒண்ணு இருக்கேம்மா," என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அவமானத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் பழைய முன்பல்லில், நூல் அறுத்து அறுத்தே விழுந்த சின்னப் பள்ளம் ஒன்று இருந்தது. நூல் தானாகப் போய் அதில் உட்காரும். அளவெடுத்த அன்றே அதைச் சொல்லித் தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். யார் கேட்டார்கள்? வழவழவென்று ஒரே வரிசையாகச் செய்து கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நகம் தேய்க்கும் அரத்தை எடுத்து, மேல்செட்டின் முன்பல்லை அரைமணி நேரம் ராவினேன். பள்ளம் விழுந்தது. நாக்கால் செட்டை மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டு கடிக்க, ஒரு வாரம் பழகினேன். எட்டாம் நாள், டக்! நூல் அறுந்தது, செட் அசையவில்லை. கடையில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

அடுத்த மாதம் நான் வாயைத் திறந்ததும் டாக்டரம்மா அலறினார்.

"ஐயையோ, யாரும்மா இப்படிப் பண்ணது? இதைச் செய்ய எத்தனை நாள் வேலை தெரியுமா?"

அவர் கோட்டுக் கைமடிப்பில் தொங்கிய நூலை இழுத்துக் கடித்தேன். டக்.

அவர் தன் கையைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். ஃபாரத்தை எடுத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். இதை எழுத அதில் இடமே இல்லை. கடைசியில் 'சேதம்' என்றிருந்த கட்டத்தில் டிக் அடித்தார்.

அடித்துக்கொள்ளட்டும். கடையில் எனக்காக எட்டுச் சட்டைகள் காத்திருந்தன.