கூடுதலாக இரண்டு சுற்று

ஓட்மர் பனிச்சறுக்குக் கட்டைகளை, ஸ்கீ இரண்டையும், தோளில் சாய்த்துக்கொண்டு கடையைவிட்டு வெளியேறும்போது அவற்றின் நுனி வாசல் மணியில் இடித்தது. இருநூற்றுப் பதினாறு சென்டிமீட்டர். அவ்வளவு நீளத்தை நினைத்து எங்கள் கடைக்கு வாசல் வைக்கவில்லை.

"பாத்துப் போ மச்சான்" என்றேன்.

"வாசலையே பாக்கத் தெரியாதவன் மலைய எங்க பாக்கப் போறான்னுதான நெனைக்கிற?" என்று சிரித்தான். எட்டரை மணிக்கு முதல் ரோப் கார். அதில் முதல் ஆளாக ஏற வேண்டும் என்று ஒரு வாரமாக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான்.

ஓட்மர் என் மனைவி ஹெட்விக்கின் தம்பி. ஐம்பத்து நான்கு வயது. இருபத்தாறு வருடமாக இந்தப் பள்ளத்தாக்கில் பேருந்து ஓட்டுகிறான். வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிப்பான், ஓடி வருகிறவர்களுக்காக நிறுத்தி வைத்திருப்பான், வேகம் நாற்பதைத் தாண்டியதாக யாரும் சொன்னதில்லை. போன இலையுதிர் காலத்தில் ஒரு பந்தய அணி பழைய சரக்கைக் கழித்துக்கட்டியபோது, மலை உச்சியிலிருந்து நேராகப் பாய்வதற்கென்றே செய்த இந்த ஸ்கீக்களை வாங்கிக்கொண்டு வந்து எங்கள் கூடத்தில் குறுக்கே போட்டான்.

"கூரைக்கு உத்தரம் போடப் போறியாடா?" என்று ஹெட்விக் கேட்டாள்.

"ஒரே ஒரு தடவக்கா. ஆளில்லாத பாதையில நேரா இறங்கிப் பாக்கணும். அப்புறம் செவுத்துல மாட்டிடுறேன்."

அவனுடைய இடது முழங்காலில் ஆறு வருடத்துக்கு முன்பு அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. ஹெட்விக் அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீதான அதுல காலப் பிடிக்கிற பூட்டு மாட்டித் தரப் போற? அவன் காலு உன் பொறுப்பு."

பந்தய ஸ்கீயைச் சாதாரண மனிதனுக்காகப் பழக்குவது எனக்குத் தெரியாத வேலை அல்ல. பதினேழு வருடம் பந்தயக்காரர்களுக்கு ஸ்கீ தயார்செய்து கொடுத்தவன் நான். விளிம்பை நுனியிலும் வாலிலும் ஒரு சாண் நீளத்துக்கு மழுக்கினேன். இல்லையென்றால் அவன் திரும்ப நினைப்பதற்குள் அது பனியைக் கவ்வி ஆளைச் சுருட்டிவிடும். அடிப்பக்கத்துக்கு மூன்று தடவை மெழுகு ஏற்றித் தேய்த்தேன். பூட்ஸைப் பிடித்துவைக்கும் பழைய பூட்டுகளைக் கழற்றி எறிந்தேன். சாதாரண ஆளுக்கு இறுக்கத்தின் அளவு எங்கே முடிகிறதோ அங்கேதான் அவற்றில் அளவே ஆரம்பிக்கிறது. அவனுக்கு இளகிய சுருள்வில் உள்ள பூட்டு மாட்டினேன். அவன் எடை, வயது, முழங்கால் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து, ஆறரை என்று அட்டையில் எழுதினேன். அவன் கையெழுத்துப் போட்டான்.

விழும்போது எவ்வளவு முறுக்கு வந்தால் பூட்டு காலை விட வேண்டும் என்பதற்குத்தான் அந்த எண். குறைவாக வைத்தால் ஓட்டத்தில் ஸ்கீ கழன்று போகும். அதிகமாக வைத்தால் விழுந்த பிறகும் விடாது, அவ்வளவு நீளக் கட்டை காலைத் திருகிக்கொண்டே போகும். ஒரு திருகாணிதான். ஆனால் அதற்கு இரண்டு பக்கமும் பயம் உண்டு.

எனக்கு முதல் பயத்தைக் கற்றுக்கொடுத்தவள் ரோமானா. பத்தொன்பது வயதுப் பெண். பயிற்சி ஓட்டத்தில் ஒரு மேட்டைத் தாண்டும்போது நான் பூட்டிய ஸ்கீ அவள் காலைவிட்டுக் கழன்றது. வலையைத் தாண்டிப் போய் விழுந்தாள். பிழைத்தாள். கைத்தடியுடன் நடக்கிறாள். விசாரித்தவர்கள் என்மீது தவறில்லை என்று எழுதினார்கள். அதன் பிறகு எந்தப் பூட்டைத் திருகினாலும், எண் வந்த பிறகு என் கை தானாக இரண்டு சுற்று கூடுதலாகத் திருகும். யாரும் குறை சொன்னதில்லை. பந்தயக்காரர்களே அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இந்த வாடகைக் கடைக்கு வந்து எட்டு வருடமாகிறது. அந்தப் பழக்கத்தை விட்டொழித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஓட்மர் போன பிறகு காபி ஊற்றிக்கொண்டேன். கோப்பையைப் பிடித்தபோது உள்ளங்கை எரிந்தது. விரித்துப் பார்த்தேன். திருப்புளியின் பிடி அழுந்திய தடம் சிவப்பாக இருந்தது.

ஆறரைக்குத் திருகினால் இந்தத் தடம் விழாது. வில் இறுகி எதிர்த்து நிற்கும்போது அழுத்தித் திருகினால்தான் விழும்.

வலது ஸ்கீயைத் திருகி, சோதனைக் கருவியில் ஏற்றி, சரியாக இருக்கிறது என்று பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. இடதில் கை வைத்தபோது ஓட்மர் கேட்டான்: "அந்த ரோமானாப் பொண்ணு இப்ப எங்க இருக்கா மச்சான்?" பதில் சொல்லிக்கொண்டே திருகினேன். என்ன சொன்னேன் என்பது நினைவிருக்கிறது, எத்தனை சுற்று என்பது இல்லை. இடதைச் சோதனைக் கருவியில் ஏற்றவும் இல்லை. "மணியாகுது, விடு மச்சான், உன் கைய நம்பாம வேற யார நம்புறது" என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். வேறு ஆளாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

போனை எடுத்து அவனை அழைத்தேன். மணி கடைக்குள்ளேயே அடித்தது. பெஞ்சுக்கு அடியில் அவன் கழற்றிவைத்த ஷூவுக்குள் போன் கிடந்து அதிர்ந்துகொண்டிருந்தது. திரையில் என் பெயர்.

கடையைப் பூட்டாமல் ஓடினேன். ரோப் கார் வாசலில் சீட்டுப் பார்க்கும் ரெசி நின்றிருந்தாள்.

"ஓட்மர் போயிட்டானா?"

"முத ஆளே அவன்தான். அந்தக் கட்டைங்க பெட்டிக்குள்ள நுழையாம அவன் பட்ட பாட்ட நீ பாத்திருக்கணும்."

"மேல கூப்பிடு ரெசி. அவன இறங்க விட வேணாம்னு சொல்லு."

என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். வயர்லெஸ்ஸில் கேட்டாள். கரகரவென்று பதில் வந்தது. "இப்பத்தான் கெளம்பினானாம். கத்திக்கிட்டே போறானாம், சின்னப் பையன் மாதிரி" என்றாள். நான் அடுத்த பெட்டியில் ஏறினேன்.

கதவு மூடிய பிறகுதான் தோன்றியது: மேலே போய் என்ன செய்யப் போகிறேன்? அவன் கீழே வந்துகொண்டிருக்கிறான். நான் மேலே போய்க்கொண்டிருக்கிறேன். ஆனாலும் பாதை முழுவதும் இந்தக் கம்பிக்கு அடியில்தான் வருகிறது, எங்கேயாவது கண்ணில் படுவான். ஒருவேளை விழாமலே வந்துவிடலாம். விழாவிட்டால் எந்த எண்ணாக இருந்தால் என்ன? கீழே வந்து, மெழுகு பிரமாதம் என்பான். நான் ஒன்றும் சொல்லாமல் ஸ்கீயை வாங்கி மேசைமேல் போட்டு இரண்டு சுற்று தளர்த்திவிடுவேன். கோயில் பக்கம் போய் எத்தனையோ வருடமான நான், பெட்டிக்குள் வாய்விட்டுக் கெஞ்சினேன். ஆண்டவரே, வலது பக்கமாக விழட்டும். விழுந்தால் வலது பக்கமாக.

மூன்றாவது தூணைத் தாண்டியபோது பார்த்துவிட்டேன். புதிதாகச் சீவிச் சமன்செய்த பனியில் இரண்டு கோடுகள் மேலிருந்து அம்பு மாதிரி நேராக வந்து, ஓரிடத்தில் சட்டென்று கலைந்து, அகலமாக ஒரு சறுக்கலாகிக் கிடந்தன. அதன் நடுவில் ஒரு ஸ்கீ மட்டும் மல்லாந்து கிடந்தது. நான் தேய்த்த மெழுகு வெயிலில் மின்னியது. அதற்குக் கீழே முப்பதடி தள்ளி ஓட்மர் உட்கார்ந்திருந்தான். கழன்றது வலது. இடது அவன் காலில் இருந்தது, பாதம் போகக்கூடாத ஒரு திசையில். அவன் குனிந்து இரண்டு கையாலும் குதிகால் பூட்டை அமுக்கிக்கொண்டிருந்தான். அது திறக்கவில்லை. மறுபடி அமுக்கினான்.

கண்ணாடியை ஓங்கித் தட்டினேன். "கையால முடியாதுடா, ஊனுற கழிய வச்சு அமுக்கு" என்று கத்தினேன். அவன் நிமிரவில்லை. பெட்டி அவன் தலைக்கு மேலே வந்தது, அவனைத் தாண்டியது. நிறுத்துவதற்கு அதில் ஒன்றும் கிடையாது. நான் பின்பக்கக் கண்ணாடிக்கு ஓடி முகத்தை ஒட்டிவைத்தேன். அவன் சின்னதாகிக்கொண்டே போனான். குனிந்த முதுகு, நீளமாக ஒரு கட்டை. என் வலது கை காற்றில் ஏதோ செய்துகொண்டிருப்பதைப் பிறகுதான் கவனித்தேன். கையில் இல்லாத திருப்புளியை விரல்கள் பிடித்திருந்தன. மணிக்கட்டு இடது பக்கமாகத் திரும்பியது, ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று, பிறகு மறுபடி முதலிலிருந்து.