செல்வமலர் மடித்த கதிரைகள்

வானம் ஆற்றுக்கு அப்பால் லவால் நகரப் பக்கமாகக் கறுத்துக்கொண்டு வந்தபோது செல்வமலர் மேடைக்கு முன்னாலிருந்த புல்வெளியில் தனியே நின்றாள். கழுத்தில் தொண்டர் அட்டை. மற்றத் தொண்டர்கள் எல்லோரும் கூடாரங்களை இழுத்துக் கட்டுவதற்கு முகாம் பக்கம் ஓடிவிட்டார்கள். மொன்றியலின் ஓரத்துத் தீவான இல்-பிசாரில் இந்தப் புளூகிராஸ் இசைவிழாவைச் சம்பளம் கிம்பளம் இல்லாமல் வருடாவருடம் நடத்துகிற கிறகரியும் ஓடிக்கொண்டே, இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள் என்று பிரெஞ்சில் கத்திவிட்டுப் போனார். அவள் பார்த்தாள். ஆளில்லாத கதிரைகள்தான் புல் முழுக்க விரித்துக் கிடந்தன. துணிக் கதிரை, பின்னல் கதிரை, கோப்பை வைக்கக் கைப்பிடியில் ஓட்டை விட்ட கதிரை. இவ்வளவையும் போட்டுவிட்டு இந்தச் சனம் எங்கே போனது என்று, அதுவரை சமையல் பக்கமே நின்ற அவளுக்கு விளங்கவில்லை.

வந்ததிலிருந்தே அவளுக்கு ஒரே நினைப்புத்தான். ஒரு பிழையும் விடக்கூடாது. மகள் துஷாந்தினி மருந்தாளர் படிப்பை முடிக்கிற நேரத்தில் உதறிவிட்டு பான்ஜோ என்ற நரம்பு வாத்தியத்தைத் தூக்கியபோது, வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்கு முன்னாலேயே செல்வமலர் கேட்டாள், "கேக்கிற சனத்துக்கு நான் என்னத்தைச் சொல்லுறது, பாட்டுக்காரி எண்டோ?" என்று. மகள் எழும்பிப் போய்ப் பெட்டியைக் கட்டினாள். அதன்பிறகு பிறந்தநாளுக்கு ஒரு தொலைபேசி, தீபாவளிக்கு ஒன்று, அவ்வளவுதான். இந்த வருடம் கோடை தொடங்கும்போதுதான் தானாகவே கூப்பிட்டு, விருப்பமென்றால் வாருங்கள், தொண்டர் வேலை செய்தால் கூடாரம் போட இடம் சும்மா தருவார்கள் என்றாள். அந்த ஒரு அழைப்பை வாங்க இத்தனை வருடம் எடுத்தது. இது பிழைத்தால் இன்னொன்று வராது என்று செல்வமலருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதனால்தான் தொண்டர் சமையலில் சூப்புக்கு மிளகாய் போடவில்லை. எதிரே வந்தவர்களுக்கெல்லாம் பொன்ஜூர் சொல்லி வாய் உளைந்தது. இன்னாருடைய அம்மா என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. அதைச் சொல்வது மகளின் உரிமை என்று நினைத்தாள்.

முதல் துளி மூக்கில் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் யோசிக்கவேயில்லை, கைதான் யோசித்தது. மொன்றியலில் கலியாண மண்டபமோ, கோயில் தேரோ, பழைய மாணவர் கூட்டமோ, எது முடிந்தாலும் கதிரை மடிக்காமல் வீட்டுக்குப் போகாதவள் அவள். அங்கே மழை வந்தால் முதலில் கதிரையைத்தான் உள்ளே எடுப்பார்கள். மடித்தாள், தூக்கினாள், மேடைக்குப் பக்கத்துக் கொட்டகையில் இனம் பிரித்து அடுக்கினாள். துணி ஒரு பக்கம், பின்னல் ஒரு பக்கம். இடுப்பு விட்டுப்போனது. கடைசிக் கதிரையை வைக்கும்போது மழை அடித்து ஊற்றியது. தெப்பமாக நனைந்து நின்றவளுக்கு, வந்த நாளிலிருந்து முதன்முறையாகச் சந்தோஷமாக இருந்தது. மகளின் காதுக்கு இது போகாமலா இருக்கும்?

மழை விட்டதும் சனம் முகாமிலிருந்து வந்தது. முன்னால் வந்த வயதான தம்பதி ஓரிடத்தில் நின்று தரையைப் பார்த்தார்கள். பின்னால் வந்தவர்களும் அப்படியே நின்றார்கள். கிறகரி வந்தார், கொட்டகையைப் பார்த்தார், தலையில் கை வைத்தார். காலையில் அவரவர் தம் கதிரையை அவரவர் இடத்தில் போட்டுவிட்டுப் போவார்கள், பகலெல்லாம் கூடாரத்தடியில் கூடி வாத்தியம் வாசிப்பார்கள், மாலையில் வந்து உட்காருவார்கள், அதுவரை வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள், சிலருக்கு விழா தொடங்கிய முதல் வருடத்திலிருந்து அதே இடம், அதே அயல் என்று அவர் பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் புலம்பினார். நனைந்தால் துடைத்துவிட்டு அதிலேயே இருப்பார்களாம்.  யாரோ, இவர்கள்தான் எடுத்திருப்பார்கள் என்று வாகனத் தரிப்பிடத்தில் நின்ற இரண்டு மாணவர்களைக் கைகாட்டினார்கள். செல்வமலர் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அது அவர்கள் தலையில் போயிருக்கும். நான்தான் என்று, தான் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்துச் சமையலறையில் பழகிய பிரெஞ்சில் சொன்னாள். முதல் தடவை சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை சொன்னாள்.

அடுத்தது துஷாந்தினியின் குழு. அவள் பான்ஜோவோடு மேடையேறி வந்து பார்த்தபோது, கோயில் வாசலில் செருப்புத் தேடுகிற மாதிரி சனம் கொட்டகைக்குள் கதிரை தேடிக்கொண்டிருந்தது. இனம் பிரித்து ஓரம் பிடித்து அடுக்கிய அந்த அடுக்கில் அவள் பார்வை நின்றது. யார் வேலை என்று அவளுக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. ஒலிவாங்கிக்குக் கிட்டப் போனாள். போச்சு, எல்லாம் போச்சு என்று செல்வமலர் நினைத்தாள். மகள் பேசிய வேகமான பிரெஞ்சில் பாதி பிடிபடவில்லை. என் அம்மா என்று சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. எல்லாத் தலைகளும் திரும்பின. சிலர் சிரித்தார்கள், கை தட்டினார்கள். அது நல்ல சிரிப்போ கூடாத சிரிப்போ என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த வயதான மனிதர் சிரிக்கவில்லை. கிடைத்த இடத்தில், முன்பின் அறியாத ஒருவருக்குப் பக்கத்தில், விறைத்துக்கொண்டு இருந்தார்.

அடுக்கு கரைந்தது. யாரும் கேட்டு வராத ஒரு பச்சைத் துணிக் கதிரை மட்டும் அவள் கையில் மிஞ்சியது. விரிப்பதா, வைத்திருப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

"அம்மா." தமிழ் ஒலிபெருக்கி வழியாகப் புல்வெளி முழுக்கப் போனது. "இவ்வளவு நேரம் நிண்டது காணும். அதில இருங்கோ."

"இது ஆற்றை கதிரையோ தெரியாது பிள்ளை," என்றாள் செல்வமலர். மேடைவரை அது கேட்டிருக்காது.

"ஆரும் கேட்டு வந்தா குடுப்பம்," என்றாள் மகள்.

குடுங்கோ என்றல்ல, குடுப்பம் என்றாளே.  செல்வமலர் நின்ற இடத்திலேயே கதிரையை விரித்தாள். கதிரைக் கால்கள் ஈரமண்ணில் இறங்கின. நுனியில் இருந்தாள். பான்ஜோ குதிரை வேகத்தில் கிளம்பியது. மகளின் விரல்களைப் பார்க்க வேண்டுமென்றுதான் இவ்வளவு தூரம் வந்தாள், ஆனால் கண் முகாமிலிருந்து வரும் பாதையை விட்டு விலகவில்லை. ஒரு பெண் ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்தபடி வந்து, ஒவ்வொரு கதிரையாகப் பார்த்துக்கொண்டு, நேரே இந்தப் பக்கம் நடந்தாள். செல்வமலர் இரண்டு கைப்பிடியையும் பற்றிக்கொண்டு பாதி எழும்பினாள். மேடையில் விரல்கள் நிற்கவில்லை. துஷாந்தினி தாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வமலர் இருக்கவும் இல்லை, எழும்பவும் இல்லை.