மூன்றடி இரண்டங்குலம்

விழிப்புணர்வு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளை விழிக்க வைக்க வராத ஆளில்லை. டெங்குவுக்கு ஒரு பதாகை, கண்டல் மரத்துக்கு ஒரு பதாகை, பிளாஸ்டிக்குக்கு ஒரு பதாகை. பிள்ளைகளை வரிசையில் இருத்தி இரண்டு மணி நேரம் பேசுவார்கள். கடைசியில் தின்ன ஒரு ரோல்ஸைக் கொடுத்து, படம் பிடித்துக்கொண்டு வாகனத்தில் ஏறிவிடுவார்கள். பிள்ளைகள் ரோல்ஸுக்கு வந்தார்கள், ரோல்ஸ் முடிந்ததும் போனார்கள். அதுகளில் என்ன பிழை?

நான் யசோதினி. படுவான்கரையில், வாவியோரமாக உள்ள எங்கள் ஊரில் முன்பள்ளி நடத்துகிறேன். சனிக்கிழமைகளில் சிறுவர் கழகமும் என் தலையில்தான். பொறுப்பெடுத்த அன்றே பதாகைகளைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே எறிந்தேன். இனி இங்கே பேச்சுக் கிடையாது, கையால் செய்கிற வேலை மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன்.

உடனே தாய்மார் சண்டைக்கு வந்தார்கள். "கணக்கு ரியூசன உட்டுப்போட்டு ஆணியடிக்கவா டீச்சர் புள்ளையள அனுப்புற?" என்று ஒருத்தி கேட்டாள். அவளுடைய வீட்டுக் கதவு ஆறு மாதமாக ஒற்றைப் பிணைச்சலில் தொங்குகிறது. அதைச் சொல்லியே அவளை அனுப்பினேன். முதல் சனி ஏழு பிள்ளைகள் வந்தார்கள். மூன்றாம் சனி இருபத்திரண்டு.

என்ன செய்யலாம் என்று அவர்களிடமே கேட்டேன். தனுஷியாதான் சொன்னாள். பதின்மூன்று வயது. வாவியில் வலை போடுகிற தவராசாவின் மகள். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"தண்ணிய அளந்தா என்ன டீச்சர்? மாரிக்கு மாரி இதுக்குத்தானே பெரியாக்கள் சண்டை புடிக்கிற?"

உண்மைதான். எங்கள் ஊரில் பாதிப்பேர் வயல்காரர், பாதிப்பேர் தோணிக்காரர். மார்கழி மழையில் வாவி நிரம்பினால், கடலுக்குப் போகும் ஆற்றுவாயை அடைத்துக் கிடக்கிற மணல் திட்டை வெட்டு என்று ஒரு பகுதி நிற்கும். வெட்டினால் வெள்ளம் வடிந்து பயிர் தப்பும். வெட்டாதே என்று மற்றப் பகுதி நிற்கும். வெட்டினால் தண்ணீரோடு இறாலும் கடலுக்குப் போய்விடும். தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால் வயல்காரன் கழுத்தைக் காட்டுவான், தோணிக்காரன் கணுக்காலைக் காட்டுவான்.

பிள்ளைகள் ஒரு கமுகை வெட்டிச் சீவினார்கள். வெள்ளை அடித்து, மேசனின் அளவுநாடாவை இரவல் வாங்கி, அடிக்குச் சிவப்புக் கோடு, அங்குலத்துக்குக் கறுப்புக் கோடு போட்டார்கள். முதல் தடவை தோணித் துறையில் நட்டபோது சேற்றில் ஒரே நாளில் சாய்ந்துவிட்டது. பிடுங்கி, அடியில் சீமெந்து வாளியொன்றைக் கட்டி மறுபடியும் நட்டார்கள். ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு இரண்டு பேர் போய்ப் பார்த்து, சந்தியில் உள்ள கரும்பலகையில் உயரத்தை எழுத வேண்டும். அதுதான் ஒழுங்கு. ஐப்பசி முழுக்க ஊர் சிரித்தது. மார்கழி பிறந்ததும் சிரித்தவர்கள் எல்லாரும் தேத்தண்ணிக் கோப்பையோடு அந்தப் பலகைக்கு முன்னால்தான் நின்றார்கள்.

எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

ஆற்றுவாயை வெட்ட அனுமதி கொடுக்கிற நீர்ப்பாசன அலுவலகத்துக்கும் தன் சொந்த அளவுகோல் எங்கோ இருக்கிறது. மழைக்குள் போய் அதைப் பார்க்க அங்கே ஆளில்லை. எங்கள் பலகையைப் போனில் படம் பிடித்து அனுப்பினால் போதும் என்று ஆகிவிட்டது. நாலடி தாண்டினால் வெட்டலாம் என்று கூட்டத்தில் பேசி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் எழுதுகிற சோக்கட்டிக்குப் பெரியவர்கள் எல்லாரும் தங்கள் வேலையைக் கொடுத்துவிட்டுக் குடைக்குள் நின்றார்கள்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. தனுஷியாவோடு போகிற நிதுர்ஷனுக்குக் காய்ச்சல், அவள் தனியாகப் போனாள். ஏழரைக்கு நான் முன்பள்ளிக்குப் போகிற வழியில் பலகையைப் பார்த்தேன். நாலடி ஓரங்குலம் என்று இருந்தது. முதல் நாள் மூன்றடி ஓரங்குலம். இரவு மழையே இல்லை, ஒரே இரவில் ஓரடி எப்படி ஏறும்? அதோடு அந்த எழுத்தை எனக்குத் தெரியும். நாலு என்ற இலக்கத்தை மேலே மூடி எழுதுகிற ஆள் எங்கள் ஊரில் ஒருவர்தான். என் அண்ணன் வினாயகமூர்த்தி. வட்டை விதானை, ஊர் வயல் முழுவதற்கும் பொறுப்பானவர்.

சைக்கிளைத் திருப்பித் துறைக்குப் போனேன். கம்பில் தண்ணீர் மூன்றடி இரண்டங்குலத்தில் நின்றது. திரும்பிச் சந்திக்கு வந்தபோது அண்ணன் கடைத் தாவாரத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் பலகையைப் பார்ப்பதைப் பார்த்தார்.

"பயிர் மூண்டு நாளாத் தண்ணிக்குள்ள கிடக்கு தங்கச்சி. நம்மட காணியும் அதுக்குள்ளதான் இரிக்கி" என்றார். "நீ பேசாமப் பள்ளிக்குப் போ."

நான் பள்ளிக்குப் போனேன். அவ்வளவுதான் நான் செய்தது. பலகை அழிப்பான் என் கைக்கெட்டுகிற தூரத்தில் தொங்கியது.

பத்து மணிக்குப் பலகையின் படம் அலுவலகத்துக்குப் போனது. பின்னேரம் மண் அள்ளுகிற பெக்கோ இயந்திரம் வந்து ஆற்றுவாயை வெட்டியது. விடிந்தபோது வாவி இறங்கியிருந்தது, கம்பில் பார்த்துச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. தோணிக்காரர் வெறும் வலையோடு சந்திக்கு வந்து கத்தினார்கள். கையடி விழப்போன நேரத்தில் அண்ணன் நடுவில் வந்து நின்றார்.

"சின்னப்புள்ளதானே, பாவம். ஓரடிய மாறி வாசிச்சிட்டு. அதுக்கு ஏன் நாம அடிபடுவான்?"

அதைக் கேட்டு எல்லாரும் அடங்கிய வேகத்தைப் பார்க்க வேண்டும்! வயல்காரருக்கும் வசதி, அலுவலகத்துக்கும் வசதி. தோணிக்காரருக்குக்கூட, விதானையோடு மோதுவதைவிட ஒரு பிள்ளையை ஏசுவது லேசு. மூன்றடி இரண்டங்குலம்தான் எழுதினேன் என்று அவள் சொன்னாள். யாரும் கேட்கவில்லை. தவராசா எல்லாருக்கும் முன்னால் மகளின் கன்னத்தில் அறைந்தார். பள்ளியில் பிள்ளைகள் அவளை "நாலடி" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். வியாழக்கிழமை அவள் பள்ளிக்குப் போகவில்லை.

நான் மூன்று நாளும் வீட்டில் சட்டி பானையில்தான் கோபத்தைக் காட்டினேன். அண்ணனோடு கோபம், அலுவலகத்தோடு கோபம், தவராசாவோடு கோபம். எல்லாரையும் மனதுக்குள் நார் நாராகக் கிழித்தேன். வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பொதுக்கட்டிடத்தில் கூட்டம். கம்பைப் பிடுங்குவது, பலகையைக் கழற்றுவது, பிள்ளைகளை இனி இப்படியான வேலைகளுக்கு விடுவதில்லை என்று தீர்மானிக்கப் போனார்கள். தனுஷியா ஊரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். தகப்பன் அவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தார். அவள் முன்னால் வந்து நின்றாள். தலை குனியவில்லை.

"நான் பிழையா எழுதல்ல" என்றாள். "எழுதாததுக்கு மன்னிப்புக் கேக்க ஏலா."

"வாய்க்கொழுப்பப் பாரு" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். தவராசா கையை ஓங்கினார்.

"அடிக்காதீங்க!" என் குரல் எனக்கே கேட்கப் பயமாக இருந்தது. "அவள் எழுதினது சரி. மூண்டடி ரெண்டங்குலம். நான் அண்டைக்குக் காலையில துறைக்குப் போய் என்ட கண்ணால பாத்தன். அத அழிச்சி எழுதினது என்ட அண்ணன்."

அண்ணன் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். "உனக்கென்ன விசரா? கூடப் பொறந்தவன இப்பிடிச் சபையில வெச்சி..."

"கூடப் பொறந்தவன் எண்டுதான் நாலு நாள் வாயப் பொத்திட்டு இரிந்தன். ஒரு குமர்ப்புள்ளைக்கு ஊரே சேந்து பொய்க்காரி எண்டு பேர் வெச்சிட்டு இரிக்கிங்க. வெக்கமில்லையா உங்களுக்கு? நாலெழுத்து அழிக்கத் தெரிஞ்ச உங்களுக்கு, நான்தான் எழுதினன் எண்டு சொல்ல நாக்கு இல்லையா?"

அதற்குப் பிறகு கூட்டம் கூட்டமாக இருக்கவில்லை. கதிரை பறந்தது. தோணிக்காரர் அண்ணனின் சட்டையைப் பிடித்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்து, இனி நம்மட வீட்டு வாசல் மிதிக்காதே என்று கத்திவிட்டுப் போனார். மிதிக்கப் போவதில்லை. எனக்கு அதில் ஒரு சொட்டுக் கவலையும் இல்லை என்று சொன்னால் பொய். இருந்தாலும் அன்று நெஞ்சு நிமிர்ந்துதான் வெளியே வந்தேன். ஒரு பிள்ளையின் பேரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

தனுஷியா மதிலோரம் நின்றாள். ஓடி வந்து கையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வழக்கம்போல முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை காலையிலயே உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"ஓம் புள்ள."

"மறுகா ஏன் சொல்லல்ல?"

"அவர் என்ட அண்ணன்தானே புள்ள."

அவள் கட்டிடத்துக்குள் கத்திக்கொண்டிருந்த தகப்பன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"எங்கட அப்பாவும் கேட்டவர் டீச்சர். திங்கக்கிழமை. ரெண்டு மூண்டு அங்குலம் குறைச்சி எழுது, இறால் இன்னும் பெருக்கல்ல எண்டு. நான் ஏலா எண்டிட்டன். அவர் அப்பிடிக் கேட்ட கோபத்துலதான் நான் கூட்டி எழுதினன் எண்டு நெனச்சி அடிச்சவர்."

அதைச் சொல்லும்போது அவள் அழவுமில்லை, என்னை ஏசவுமில்லை. வழியில் நேரம் கேட்டுவிட்டுப் போகிறவளைப் போலத் தலையை ஆட்டிவிட்டு, தகப்பனுக்குக் காத்திராமல் தனியே வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. கழகத்துக்கு வா என்று அவளைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.