லாகின் திரையில் பெயர் வரிசை

கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரைக் கீழே போட்டுவிட்டார் என்று ஒரு பங்காளியோடு பதினோரு வருடமாகப் பேசாதவர் என் மாமனார் சென்னியப்பன். அந்தப் பெருமை இப்போது கம்ப்யூட்டர் வரைக்கும் வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் நான் வாங்கியது. வீடுகளுக்கு பிளான் வரைவது என் தொழில். ஏழு வருடம் கொழிஞ்சாம்பாறையில் ஓர் இன்ஜினியரிடம் வேலை பார்த்தேன். வரைவது நான், பெயர் அவருடையது. லைசன்ஸ் வாங்கி, என் பெயர் போட்டுக் கொடுக்கப்போகிற முதல் பிளான் பூபதிராஜா வீட்டுக்கு. இரண்டு மாத வேலை. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை மாமனார் திரை முன்னால் வந்து நின்றார். மூலையில் மேலே என் பெயர், செல்வப்பிரியா; கீழே என் கணவர் சிவப்பிரகாஷ். மாமனாருக்குக் கம்ப்யூட்டரை ஆன் செய்யத் தெரியாது. மேல் எது, கீழ் எது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

"ஏண்டா, மருமவ பேரு மேல, உம்பேரு கீழயா? எம்பேரக் காணவே காணோம். ஆராச்சும் வந்து பாத்தா என்ன நெனப்பாங்க?"

வருகிறவர்கள் மோர் குடித்துவிட்டுப் போவார்கள். எங்கள் லாகின் திரையைத் தரிசிக்க இதுவரை எவரும் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் மனையைக் கடைசியாக அளக்கப் போயிருந்தேன். என் கணவர் செட்டிங்ஸில் புகுந்தார். வாங்கியது நானாக இருந்தாலும் அட்மின் அவர்தான், ஆண்பிள்ளை அல்லவா. என் கணக்கை எடுத்துவிட்டு, அப்பாவை முதலில் சேர்த்து, எல்லோருக்கும் கீழே என்னைப் புதிதாகப் போட்டார். எடுக்கும்போது, இதிலுள்ள கோப்புகளும் சேர்ந்து அழியும், சரியா என்று திரை கேட்டிருக்கிறது. எம்.காம். படித்த மனிதர் அதைப் படிக்கவில்லை. சரி என்று அமுக்கிவிட்டார். அப்பா பேச்சுக்கு அவருக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.

சாயங்காலம் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை.

"பேர மட்டுந்தான் புள்ள மாத்துனேன்," என்றார்.

பென் டிரைவில் ஒரு பிரதி வைத்திருக்க வேண்டும். வைக்காதது என் மடத்தனம். கம்ப்யூட்டர் கடைக்காரர் இரண்டு நாள் முயன்றுவிட்டுக் கையை விரித்தார். பூபதிராஜா பத்து நாள் பொறுத்தார். பிறகு என் பழைய இன்ஜினியரிடமே போய்விட்டார். அன்றைக்குக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு ஆத்திரம் தீர அழுதேன். மறுவாரம், வேறு வழியில்லாமல், நானும் அதே இன்ஜினியரிடம் போய்ச் சேர்ந்தேன்.

இன்று காலை மாமனார் கூப்பிட்டார். மாடியில் இரண்டு அறை கட்டப் போகிறாராம், பஞ்சாயத்தில் பிளான் கேட்கிறார்களாம்.

"ஊட்டுலயே ஆளு இருக்கறப்ப வெளிய எதுக்கு அம்மணி? நீயே வரஞ்சு குடுத்துரு."

கம்ப்யூட்டரை ஆன் செய்து, நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்க மாமா. உங்க பேருதானுங்க மொதல்ல இருக்குது. நீங்களே வரைங்க."

உட்கார்ந்துவிட்டார். திரையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தார். நான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். பூபதிராஜா வீட்டு பிளானை முதலிலிருந்து வரைய வேண்டும், இன்ஜினியரின் பெயரில்.