பத்தாம் நாள் வெளிச்சம்

மார்ச் பதினோராம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து இருபதுக்கு, அச்சகத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் புரூஃப் அறையில், சுகாதாரத் துறையின் நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்று சத்தமாக வாசிக்கப்பட்டது. வீட்டில் பதப்படுத்தும் உணவுகளில் என்னென்ன கவனிக்க வேண்டும் என்பது அதன் விஷயம்.

வாசித்த பெண்மணிக்கு அங்கே பெயர் 'ரேடியோ'. எதிரே பென்சிலோடு உட்கார்ந்து, அச்சுப்படியில் வரிவரியாகத் தொடர்ந்துகொண்டிருந்தவருக்குப் 'பூதக்கண்ணாடி'. மருந்துப் பெட்டிகளுக்குள் எட்டாக மடித்து வைக்கிற தாள்கள்தான் அவர்களுக்கு முக்கிய வேலை. ஒருவர் மூலத்தைக் கமா, முற்றுப்புள்ளி உட்பட வாய்விட்டு வாசிக்க வேண்டும். மற்றவர் அச்சுப்படியைச் சரிபார்க்க வேண்டும். படம் வரும் இடத்தில் வாசிப்பவர் 'படம்' என்று சொல்லிவிட்டுத் தாண்டிப்போவார். படங்கள் மூன்றாம் மாடியின் பொறுப்பு. இருபத்தோரு வருடத்தில் பூதக்கண்ணாடி ஒரு படத்தைக்கூடச் சரிபார்த்ததில்லை.

"எண்ணெயில் ஊறவைத்த பூண்டு கமா காளான் கமா மிளகாய் ஆகியவற்றை அறை வெப்பத்தில் வைக்கக் கூடாது முற்றுப்புள்ளி" என்று ரேடியோ வாசித்தார். "காற்றுப் படாத எண்ணெய்க்குள் நரம்பைத் தாக்கும் நஞ்சு உருவாகலாம் முற்றுப்புள்ளி. நிறமோ கமா மணமோ கமா சுவையோ மாறாமல் இருக்கலாம் முற்றுப்புள்ளி. படம். முதல் அறிகுறிகள் இமை தொங்குதல் கமா இரட்டைப் பார்வை கமா நாக்குழறல் கமா விழுங்க முடியாமை முற்றுப்புள்ளி. பின்னர் மூச்சுத் தசைகள்..."

பென்சில் 'படம்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டிருந்தது.

"என்ன தம்பி, பூண்டுன்னதும் பசி வந்துடுச்சா? போன மாசம் உன் ப்ளாக்ல போட்டியே, அதுதானே இது?"

"ஒரு நிமிஷம்க்கா" என்று பூதக்கண்ணாடி எழுந்து வெளியே போனார்.

வலைப்பூவை அவர் ஆரம்பித்தது ஜனவரியில். யாரும் பிரித்துப் படிக்காத தாள்களைப் பிழையில்லாமல் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், யாராவது ஆசையோடு பார்க்கிற மாதிரி ஒன்றைச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. சமைக்கத் தெரியும். மைத்துனர் வேண்டாமென்று கொடுத்த பழைய கேமரா இருந்தது. சமையலறை ஜன்னலில் காலை எட்டு மணிக்கு விழும் சாய்ந்த வெயிலில் சாதாரண வெள்ளரிக்காய்கூட விலை உயர்ந்த பொருளாகத் தெரிந்தது. 'ஜன்னலோரத் தட்டு' என்று பெயர் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் படம் எடுத்து முடிக்கும்வரை வீட்டில் யாரும் தட்டைத் தொட முடியாது. "சாப்பாடு ஆறிப்போச்சு. இனிமே நீங்க எடுக்கற படத்தத்தான் நாங்க தின்னணும் போல" என்பாள் மனைவி. வாசகர்கள் நாற்பத்து மூன்று பேர். அதில் பாதி அச்சகத்துக்காரர்கள்.

எண்ணெய்ப் பூண்டுக்கு அவர் இரண்டு ஜாடிகள் தயாரித்தார். ஒன்று சாப்பிட, அது ஃப்ரிட்ஜில் இருந்து மூன்றே நாளில் தீர்ந்தது. இன்னொன்று படத்துக்கு. ஃப்ரிட்ஜுக்குள் எரியும் விளக்கில் எடுத்தால் பூண்டு பிணவறையில் கிடப்பது போலத் தெரிந்தது. அதனால் இரண்டாவது ஜாடியை ஜன்னல் விளிம்பில் வைத்து முதல் நாள், நான்காம் நாள், ஏழாம் நாள், பத்தாம் நாள் என்று ஒரே கோணத்தில் எடுத்தார். எண்ணெய் நாளுக்கு நாள் பொன்னிறம் ஏறிக்கொண்டே போனது. கடைசிப் படத்துக்குக் கீழே 'பத்தாம் நாள் வெளிச்சம்' என்று எழுதினார். ஜாடியை அன்றே கொட்டிக் கழுவிவிட்டார்.

செய்முறையில் எல்லாம் சரியாக இருந்தது. 'ஃப்ரிட்ஜில் வைக்கவும். நான்கு நாளுக்குள் முடித்துவிடவும்.' வெளியிடுமுன் கமா, முற்றுப்புள்ளியோடு மூன்று முறை வாய்விட்டு வாசித்தார். படம் வந்த இடங்களில் வழக்கம்போலத் தாண்டிப்போனார். ஜன்னலில் இருக்கும் ஜாடி சாப்பிடுவதற்கல்ல என்று எங்கேயும் எழுதவில்லை.

கழிப்பறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அவர் போனைத் திறந்தார். அந்தப் பதிவுக்கு மொத்தம் ஆறு பின்னூட்டங்கள். ஆறாவது, வெள்ளிக்கிழமை வந்தது. எழுதியவர் பெயர் 'குண்டுப்பூனை'.

'அண்ணா, உங்க படத்தில் இருப்பது போலவே எங்கள் ஜன்னலில் வைத்தேன். இன்றோடு எட்டு நாள். அதே நிறம் வந்துவிட்டது! ஞாயிறு மதியம் மாமனாருக்கு வைக்கப் போகிறேன். அவருக்குப் பூண்டு என்றால் உயிர்.'

ஞாயிறு மதியம் நேற்றே முடிந்துவிட்டது.

அவர் கட்டைவிரல் இரண்டு முறை தவறான எழுத்தில் விழுந்தது. 'சாப்பிடாதீர்கள். சாப்பிட்டிருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்' என்று எழுதித் தன் எண்ணைக் கொடுத்தார். மணி பத்து நாற்பத்தொன்று. பதினொன்றுக்குப் பார்த்தார். பதினொன்றேகாலுக்குப் பார்த்தார். பதில் இல்லை. முகம் கழுவுகிற சாக்கில் கண்ணாடியில் தன் இமைகளைப் பார்த்துக்கொண்டார். அந்த ஜாடிப் பூண்டை அவர் வாயில் வைத்ததே இல்லை. இருந்தும் பார்த்தார்.

ஒருவேளை ஜாடி கைதவறி உடைந்திருக்கலாம். ஒருவேளை மாமனார் ஊருக்குப் போயிருக்கலாம். ஒருவேளை நஞ்சே உருவாகாமல் இருக்கலாம். எல்லா ஜாடியிலுமா உருவாகிறது? அறிகுறி தெரியப் பன்னிரண்டு மணி நேரம் முதல் முப்பத்தாறு மணி நேரம் என்று துண்டறிக்கையின் மூன்றாம் பக்கம் சொன்னது. ஞாயிறு மதியம் ஒரு மணியிலிருந்து அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார்.

மூன்று மணிக்கு ரேடியோ வாசிப்பதை நிறுத்தினார். "நான் பூஜ்யம் புள்ளி அஞ்சு மில்லின்னு வாசிக்கறேன். உன் தாள்ல வெறும் அஞ்சுன்னு இருக்கு. நீ டிக் போட்டுட்டே. குழந்தைங்க மருந்துப்பா இது. வீட்டுக்குப் போ. இன்னைக்கு உன் கண்ணு இங்க இல்ல."

பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் மனைவி ஐந்தரைக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே அவர் சொல்லிவிட்டார். அவள் போனை வாங்கிப் பின்னூட்டத்தைப் படித்தாள், படங்களைப் பார்த்தாள், மறுபடியும் பின்னூட்டத்தைப் படித்தாள்.

"அழிச்சிடுங்க" என்றாள்.

"எதை?"

"எல்லாத்தையும். ப்ளாக்கே வேணாம். யாரோ எவரோ. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா வாசல்ல போலீஸ் வந்து நிக்கும். மருந்துத் தாள் திருத்தற ஆளு வெஷம் சொல்லிக் கொடுத்தார்னு எழுதுவாங்க. உங்க வேலை என்ன ஆகும்? இருபத்தோரு வருஷம்ங்க."

"ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்னு எழுதியிருக்கேனே."

"எழுதினீங்க. படிச்சாத்தானே தெரியும். நான்கூடப் படிக்கலை, படத்தத்தான் பார்த்தேன்."

அவர் போனை வாங்கிப் பதிவை நீக்கும் இடத்தைத் தொட்டார். 'நிரந்தரமாக நீக்கவா? பின்னூட்டங்களும் நீக்கப்படும்' என்று கேட்டது. கட்டைவிரல் அப்படியே நின்றது. ஆம் என்று அழுத்தினால் போதும். உலகத்தில் அவரையும் அந்த ஜாடியையும் இணைக்கிற ஒரே இழை அறுந்துபோகும். அந்தப் பெண்ணைப் போய்ச் சேரக்கூடிய இழையும் அது ஒன்றுதான்.

வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு, குண்டுப்பூனை என்ற பெயரைத் தொட்டார். பதினொரு படங்கள் கொண்ட ஒரு பக்கம் திறந்தது. பதினொன்றும் ஒரே சாம்பல் நிறப் பூனை. சோபாவில் பூனை, தலையணையில் பூனை, அட்டைப்பெட்டிக்குள் பூனை. அந்த அட்டைப்பெட்டியின் ஓரத்தில் ஏதோ வீட்டுச் சாதனக் கடையின் ஒட்டுச்சீட்டு இருந்தது. அதில் போன் எண் தெரிந்தது. கடைசி இலக்கத்தின் பாதியைப் பூனையின் வால் மறைத்திருந்தது.

"மூணா எட்டா?" என்றாள் மனைவி. கோபம் போகாமலே அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

மேசை டிராயரிலிருந்து லென்ஸை எடுத்துத் திரையின்மேல் வைத்துப் பார்த்தார். "எட்டு. இடுப்பு ஒட்டியிருக்கு பாரு."

அவருக்கு அதில் பழக்கம் உண்டு, ஆனால் தவறிவிட்டது. எட்டுக்குக் கூப்பிட்டபோது ஒரு மூதாட்டி எடுத்து, கல்யாண மண்டபமா என்று கேட்டார். மூன்றுக்குக் கூப்பிட்டபோது பின்னணியில் டிவி பல குரலில் கத்திக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க சார், வாரண்டியா, ரிப்பேரா?"

"ரெண்டும் இல்லீங்க. உங்க கடையில பெரிய பெட்டியில ஏதோ வாங்கியிருக்காங்க, ஒரு வீட்டுல. வீட்டுல சாம்பல் கலர்ல குண்டா ஒரு பூனை..."

கடைக்காரர் சிரித்தார். "பூனைக்குக் கேரண்டி நாங்க குடுக்கறதில்ல சார்." பிறகு, "அட, டீச்சரம்மா வீடா? எதிர்த்த கட்டடம், மூணாவது மாடி. வாஷிங் மெஷினை நாந்தான் தூக்கிட்டுப் போனேன், அந்தப் பூனை என் முழங்கையைப் பிறாண்டிடுச்சு. இப்ப வீட்டுல யாரும் இல்லியே. மத்தியானம் ஆம்புலன்ஸ் வந்துச்சு. பெரியவருக்கு ஸ்ட்ரோக்னு பேசிக்கறாங்க. வாய் கொழறிடுச்சாம். பாவம், தங்கமான மனுஷன். நீங்க யாரு சார் பேசறது?"

மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். வைத்துவிடுங்கள் என்று உதடு மட்டும் அசைந்தது. ராங் நம்பர் என்று சொல்லலாம். கடைக்காரர் டிவி விற்கப் போய்விடுவார். பெரியவரைப் பக்கவாதப் பிரிவில் படுக்க வைத்திருப்பார்கள். அங்கே யாரும் பூண்டைப் பற்றிக் கேட்கமாட்டார்கள்.

"நான் யாருங்கறதை அவங்ககிட்டயே சொல்றேன்" என்றார். "அது ஸ்ட்ரோக் இல்லன்னு நினைக்கறேன். டீச்சரோட நம்பர் வேணும். பில் புக்குல இருக்கும். சீக்கிரம் பாருங்க அண்ணாச்சி, தயவுசெஞ்சு."

மணி ஆறு ஐம்பதுக்கு அந்தப் பெண் போனை எடுத்தாள். குரல் அழுது ஓய்ந்திருந்தது. சக்கரப் படுக்கை உருளும் சத்தம் கேட்டது.

"யாருங்க?"

"ஜன்னலோரத் தட்டு. அந்தப் பூண்டு..." மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "சொல்லுங்க" என்று அவர் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

"அம்மா, உங்க மாமனார் நேத்து அந்தப் பூண்டைச் சாப்பிட்டாரா?"

"ஆமா. நிறையச் சாப்பிட்டார். ஏன்?"

"அவருக்கு இமை தொங்குதா? முழுங்க முடியாம இருக்கா? காய்ச்சல் இல்லையே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சொன்னார். ஜன்னலில் வைத்த ஜாடி படத்துக்காக வைத்தது, அதை அவரே சாப்பிடவில்லை, அதை எழுதாமல் விட்டது தன் தப்பு என்று எல்லாவற்றையும் சொன்னார். காலையில் கேட்ட வார்த்தைகள் தொண்டையில் அப்படியே இருந்தன. துண்டறிக்கையில் இருந்த நோயின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி, டாக்டரிடம் காட்டச் சொன்னார். முறிமருந்து இருக்கிறது, ஆனால் சீக்கிரம் போட வேண்டும் என்றார்.

"நான் தொடலை" என்றாள் அவள் மெதுவாக. "எனக்குப் பூண்டு ஆகாது. ஆனா என் வீட்டுக்காரர் ரெண்டு மூணு பல் எடுத்துப் போட்டுக்கிட்டார்."

"அவர் எங்கே?"

"வண்டி நிறுத்தப் போயிருக்கார். சாயந்திரத்துல இருந்து கண்ணைக் கசக்கிட்டே இருக்கார். எதிர்ல வர்ற வண்டி ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னார். தூக்கமில்லாம அப்படி இருக்குன்னு நான்..."

அவள் ஓடும் சத்தம் கேட்டது. யாரையோ பெயர் சொல்லாமல், "ஏங்க, ஏங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். போனை அணைக்கவில்லை. ஒரு கதவு அடித்துக்கொண்டது. ஒலிபெருக்கியில் யாரோ ஒரு மருத்துவரை அழைத்தார்கள். இங்கே அவரும் மனைவியும் சமையலறையில் நின்று அந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான்கு நிமிடம் கழித்து இணைப்பு அறுந்தது.

"ஜாடியை எடுத்துட்டுப் போகச் சொல்லணும்" என்றார் அவர். "சோதனைக்கு வேணும்."

"மெசேஜ் போடுங்க" என்றாள் மனைவி. "உங்க பேரையும் அட்ரஸையும் போட்டே அனுப்புங்க. எப்படியும் கேப்பாங்க."

முறிமருந்து வேறொரு மருத்துவமனையிலிருந்து வர வேண்டியிருந்தது. தந்தைக்கும் மகனுக்கும் அன்று இரவே அது செலுத்தப்பட்டது. ஜாடியின் மிச்சத்தில் நஞ்சு இருப்பதை ஆய்வகம் வியாழக்கிழமை உறுதி செய்தது. சுகாதாரத் துறை அதிகாரிகள் பூதக்கண்ணாடியிடம் இரண்டு முறை வாக்குமூலம் வாங்கினார்கள். வழக்கு எதுவும் பதியவில்லை. டீச்சர் பிறகு அவரிடம் பேசவில்லை. மகன் ஒன்பதாம் நாள் வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பெரியவர் இருபத்திரண்டு நாள் செயற்கை சுவாசத்தில் இருந்தார். அத்தனை நாளும் அவருக்கு நினைவு தெளிவாக இருந்ததாக மருத்துவர்கள் குறித்திருக்கிறார்கள். ஏப்ரல் முப்பதாம் தேதி வீடு திரும்பினார். கெட்டியான உணவை அவரால் இன்னும் விழுங்க முடியவில்லை.